விழிக்க மறுத்த கணிப்பொறி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

"நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது, இன்று ஏனோ எழவில்லை." நோயாளியை அழைத்து வந்தவர் மருத்துவரிடம் கூறுவது போன்ற இச்சொற்களைக் கணிப்பொறியுடன் பழகும் எவரும் ஒரு நாள் கூறியே தீருவர். நான் கூறிய நாள் கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே வந்துவிட்டது.

2025 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எங்கள் துறையிலிருந்து ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறிப் பலகை ஒன்றைப் பதிவேட்டில் கையொப்பமிட்டு ஊருக்கு எடுத்துச் சென்றிருந்தேன். எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஒரு வெப்ப உணரி. அடுத்துள்ள சித்தப்பா வீட்டுக் கீற்றுக் கூரையின் கீழ் மற்றொன்று. ஏழை வீட்டுக் கூரை எவ்வளவு வெப்பத்தை உள்ளே இறக்குகிறது என்று அளந்து பார்ப்பதே நோக்கம். ஏப்ரல் 20 முதல் ஜூன் 5 வரை 47 நாட்கள், 10 நிமிடத்திற்கு ஒரு முறை அளவெடுத்தோம். மின்தடை நேரங்களைக் கழித்தாலும் ஓர் உணரிக்கு 6,000க்கு மேற்பட்ட அளவீடுகள் சேர்ந்திருந்தன. அவை யாவும் விரல் நகம் அளவுள்ள ஒரு மெமரி கார்டில் இருந்தன. வேறு படி எடுத்து வைக்கவில்லை. அது என் முதல் தவறு.

கல்லூரிக்கு வந்ததும், நண்பனின் மடிக்கணிப்பொறியிலிருந்து கம்பியில்லா இணைப்பின் வழியாகப் பலகைக்குள் நுழைந்து, மென்பொருள்களைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். புதிய கெர்னலும் அவற்றுள் ஒன்று. திரையில் ஒரே வரி பல நிமிடங்கள் அசையாமல் நின்றது. நின்றுவிட்டது என்று கருதி மின்கம்பியைப் பிடுங்கினேன். அது இரண்டாம் தவறு. மீண்டும் மின்சாரம் கொடுத்தபோது பலகை எழவில்லை.

சென்ற ஆண்டின் வெயிலை இனி யாராலும் திருப்பித் தர முடியாது. பலகை பழுதாகியிருந்தால் அதன் விலையைக் கட்ட வீட்டில் வழியும் இல்லை. அந்த மூன்று நாட்களில் நான் கற்றவற்றை, என்னைப் போன்ற மாணவர்க்குப் பயன்படும் என்னும் எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

பலகையும் கெர்னலும்

ஒரே மின்சுற்றுப் பலகையில் செயலி, நினைவகம், இணைப்பு வாயில்கள் அனைத்தும் அமைந்த கணிப்பொறியை ஒற்றைப் பலகைக் கணிப்பொறி என்கிறோம். இவ்வகையில் பெயர்பெற்ற ராஸ்பெரி பை, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தது. பள்ளிப் பிள்ளைகள் அஞ்சாமல் கையாளக்கூடிய மலிவான கணிப்பொறி ஒன்று வேண்டும் என்று ஈபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் எண்ணியதன் விளைவு அது. முதற் பலகை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. எங்கள் துறையில் இருப்பது 2016இல் வெளிவந்த மூன்றாம் வகை. நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56 மில்லிமீட்டர். ஒரு கிகாபைட் நினைவகம். இதில் வன்தட்டு கிடையாது. கணிப்பொறி படிக்க வேண்டிய அனைத்தும் மெமரி கார்டிலேயே உள்ளன.

கெர்னல் என்பது இயக்க அமைப்பின் உட்கரு. செயலி, நினைவகம், கார்டு, உணரி ஆகியவற்றுக்கும் நாம் எழுதும் நிரல்களுக்கும் நடுவே நின்று வேலை வாங்குவது அதுவே. லினக்ஸ் என்னும் இவ்வுட்கருவை 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். அது இன்றளவும் வளர்ந்து கொண்டே இருக்கிறது. குறைகளைக் களையவும் பாதுகாப்பைப் பெருக்கவும் புதிய பதிப்புகள் வருகின்றன. என் கார்டில் இருந்தது 6.6.51 பதிப்பு; வர இருந்தது 6.12 வரிசையைச் சேர்ந்தது.

ஒரு குடம் தண்ணீர்

கணிப்பொறி எழுவது எப்படி என்று அறியாமல், அது ஏன் எழவில்லை என்று அறிய இயலாது. இதில் ஒரு விந்தை உண்டு. கார்டிலிருந்து கெர்னலைப் படிக்க ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலையும் எங்கிருந்தாவது படித்தாக வேண்டும். அதைப் படிக்க மற்றொரு நிரல் வேண்டும்! எனில் தொடக்கம் எங்கே?

கிணற்று மேட்டில் உள்ள பம்பை நினைத்துப் பார்த்தால் விடை புலப்படும். தண்ணீரை இறைக்கும் பம்பிற்கே முதலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி நிரப்பினால்தான் அது கிணற்று நீரை இழுக்கும். அந்த முதற் குடத்தைப் போல, கணிப்பொறியின் சில்லுக்குள்ளேயே அழிக்க முடியாதபடி ஒரு சிறு நிரல் பொதியப்பட்டுள்ளது. அதிலிருந்து தொடங்கி நான்கு படிகளாக மூன்றாம் வகைப் பலகை விழிக்கிறது.

முதற்படி: மின்சாரம் பாய்ந்ததும், முதன்மைச் செயலி எழுவதற்கு முன்னரே, படக்காட்சிக்கென அமைந்த பகுதி எழுகிறது. சில்லுக்குள் பொதிந்த நிரலைக் கொண்டு அது கார்டின் முதற் பிரிவைத் திறந்து 'பூட்கோட்' என்னும் கோப்பைப் படிக்கிறது.

இரண்டாம் படி: பூட்கோட், 'ஸ்டார்ட்' என்னும் பெரிய கோப்பை ஏற்றுகிறது. ஸ்டார்ட் நிரல் 'கான்ஃபிக்' என்னும் அமைப்புக் கோப்பைப் படித்து, எந்தக் கெர்னலை ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்கிறது.

மூன்றாம் படி: கெர்னல் கோப்பும், பலகையில் என்னென்ன உறுப்புகள் எங்கெங்கே உள்ளன என்று கூறும் விவரக் கோப்பும், தொடக்க உதவிக் கோப்பும் நினைவகத்தில் ஏறுகின்றன. 64 பிட் அமைப்பில் இக்கெர்னல் கோப்பின் பெயர் 'கெர்னல்8'. இதன் பின்னரே முதன்மைச் செயலி இயங்கத் தொடங்குகிறது.

நான்காம் படி: கெர்னல் கார்டின் இரண்டாம் பிரிவைத் திறக்கிறது. நம் நிரல்கள், நம் கோப்புகள், கெர்னலுக்குத் துணையான நூற்றுக்கணக்கான சிறு உறுப்பு நிரல்கள் அனைத்தும் அங்கேதான் உள்ளன. எந்தப் பிரிவைத் திறக்க வேண்டும் என்பது 'சிஎம்டிலைன்' என்னும் ஒற்றை வரிக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும்.

இந்த நான்கில் எந்தப் படி வரை ஏறியது என்று கண்டுகொண்டால் பழுதில் பாதி தீர்ந்தது என்று கூறின் மிகையாகாது.

விளக்கு பேசும் மொழி

எழாத பலகையைத் துறைக்கு எடுத்துச் சென்று, "ஐயா, பலகை போய்விட்டது" என்று பேராசிரியரிடம் கூறினேன். அவர் கோபிக்கவில்லை. "யார் சொன்னது? பச்சை விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணினாயா?" என்று மட்டும் கேட்டார். நான் எண்ணவில்லை. அச்சத்தில் எனக்கு விளக்கே கண்ணில் படவில்லை.

பலகையில் இரு விளக்குகள் உள்ளன. சிவப்பு விளக்கு மின்சாரத்தைக் காட்டுவது. மூன்றாம் வகைப் பலகையில் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இது அணைந்துவிடும். 5 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் தரவல்ல மின்வழங்கி இதற்கு வேண்டும். சாதாரணக் கைப்பேசி சார்ஜரும் மெல்லிய வடமும் பல வேளைகளில் போதாமற் போகும். சிவப்பு அணைந்தாலோ மினுக்கினாலோ, கெர்னலைக் குறை கூறும் முன் மின்வழங்கியையும் வடத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

பச்சை விளக்கு கார்டு படிக்கப்படுவதைக் காட்டுவது. ஒழுங்கின்றி மினுக்கினால் வேலை நடக்கிறது என்று பொருள். சிவப்பு எரிந்து, பச்சை ஒரு முறையேனும் ஒளிராவிடில் முதற்படியே நடக்கவில்லை: கார்டு சரியாகச் செருகப்படவில்லை, அல்லது கார்டைப் படிக்க இயலவில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையில் சிமிட்டி, சற்று நின்று, மீண்டும் அதே எண்ணிக்கையில் சிமிட்டினால், அது நம்மிடம் பழுதைச் சொல்கிறது. 4 முறை என்றால் ஸ்டார்ட் கோப்பு இல்லை. 7 முறை என்றால் கெர்னல் கோப்பு இல்லை. 8 முறை என்றால் நினைவகச் சில்லில் கோளாறு. முதல் இரண்டும் கார்டில் தீர்பவை. மூன்றாவது மட்டுமே பலகையைச் சேர்ந்தது.

திரை இணைத்திருப்போர்க்கு வேறு அடையாளங்களும் உண்டு. வானவில் நிறச் சதுரம் தோன்றி அப்படியே நின்றுவிட்டால் இரண்டாம் படி முடிந்தது, மூன்றாம் படியில் தடை. எழுத்துகள் ஓடி, 'கெர்னல் பேனிக்' என்ற சொற்களோடு நின்றால் கெர்னல் எழுந்துவிட்டது. பெரும்பாலும் நான்காம் படியில் தடை. அவ்வரியில் அடைப்புக்குள் 179, 2 என்ற எண்கள் காணப்பட்டால், 179 என்பது மெமரி கார்டையும் 2 என்பது அதன் இரண்டாம் பிரிவையும் குறிக்கும். கார்டைக் கண்டேன், அதன் இரண்டாம் பிரிவைத் திறக்க முடியவில்லை என்று கெர்னல் முறையிடுகிறது. 0, 0 என்றிருந்தால் எதைத் திறப்பது என்றே அதற்குத் தெரியவில்லை. அப்போது சிஎம்டிலைன் வரியைப் பார்க்க வேண்டும்.

நான் எண்ணினேன். 7 முறை. மறுபடியும் 7. பலகை சாகவில்லை, கெர்னல் கோப்பைக் காணாமல் தேடிக் கொண்டிருந்தது.

தொடும் முன் படி எடு

விடுதியில் நண்பர் கூறிய அறிவுரை ஒன்றே: "கார்டை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்று, பத்து நிமிட வேலை." அது உண்மைதான். வெறும் கணிப்பொறிக்கு அதுவே சுருக்கமான வழி. ஆனால் 47 நாள் அளவீடுகளும் அதனோடு அழியும்.

கார்டை நண்பனின் மடிக்கணிப்பொறியில் செருகியதும் மற்றோர் ஆபத்து எதிர்ப்பட்டது. கார்டின் முதற் பிரிவு ஃபாட் முறையில் அமைந்தது; விண்டோஸ் அதைப் படிக்கும். இரண்டாம் பிரிவு லினக்ஸுக்குரிய எக்ஸ்ட்4 முறையில் அமைந்தது; விண்டோஸ் அதை அறியாது. அறியாததைப் பழுது என்று கருதி, "இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று கேட்கிறது. ஒப்புக்கொண்டால் அனைத்தும் போய்விடும். இக்கேள்விக்கு எப்போதும் வேண்டாம் என்றே விடையளிக்க வேண்டும்.

பேராசிரியரின் சொற்படி ஆய்வகத்தின் லினக்ஸ் கணிப்பொறியில் கார்டைச் செருகி, 'டி.டி.' என்னும் கட்டளையால் கார்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படி எடுத்தேன். இக்கட்டளையில் எங்கிருந்து, எங்கே என்னும் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் வெறுமை வந்து நிறைவை அழித்துவிடும். ஆகவே ஒன்றுக்கு இரு முறை படித்துப் பார்த்தே விசையை அழுத்த வேண்டும். பின்னர் இரண்டாம் பிரிவைத் திறந்தேன். அளவீட்டுக் கோப்பு அங்கே இருந்தது. கடைசி வரி ஜூன் 5 இரவு 11 மணி 50 நிமிடம். அதைப் பார்த்த பிறகுதான் அன்று எனக்குச் சோறு இறங்கியது.

தவறான மருந்தும் சரியான மருந்தும்

முதற் பிரிவில் கெர்னல்8 கோப்பு இல்லை. பழையதை நீக்கிப் புதியதை எழுதும் வேளையில் நான் மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறேன். ஃபாட் முறையில் எழுத்துக் குறிப்பேடு கிடையாது. பாதியில் அறுந்த வேலையைப் பின்னர் முடித்து வைக்க அதற்கு வழியில்லை. திரை அசையாமல் நின்றதன் காரணமும் அப்போது விளங்கியது. புதிய கெர்னலுக்குரிய தொடக்க உதவிக் கோப்பை அங்கேயே உருவாக்க வேண்டும். எங்கள் பலகை போன்ற மெதுவான கருவிக்கு அது பல நிமிட வேலை. நான் உறங்குவதாக எண்ணிய நேரத்தில் அது உழைத்துக் கொண்டிருந்தது.

கோப்புத்தானே இல்லை, வைத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். நண்பன் ஓராண்டுக்கு முன் தயாரித்த கார்டிலிருந்து கெர்னல்8 கோப்பை மட்டும் எடுத்து என் கார்டில் இட்டேன். பச்சை விளக்கு உற்சாகமாக மினுக்கியது. ஆனால் கம்பியில்லா இணைப்பு வரவில்லை. பலகைக்குள் நுழைய முடியவில்லை.

இவ்விடத்தில் பேராசிரியர் தொடர் இணைப்பு வடம் ஒன்றைத் தந்தார். பலகையின் 40 முனைகளில் 6ஆம் முனை தரை, 8ஆம் முனை அனுப்புவது, 10ஆம் முனை பெறுவது. வடத்தின் பெறும் கம்பி 8இலும் அனுப்பும் கம்பி 10இலும் குறுக்காகச் சேர வேண்டும். வடம் 3.3 வோல்ட் வகையாக இருத்தல் வேண்டும். 5 வோல்ட் பாய்ந்தால் பலகை உண்மையாகவே பழுதாகும். கான்ஃபிக் கோப்பில் தொடர் இணைப்பை இயக்கும் வரியைச் சேர்த்து, வேகத்தை 115200 என்று அமைத்தால், திரையில்லாத பலகையும் தன் கதையை எழுத்தில் சொல்லும்.

சொல்லியது. கெர்னல் எழுந்திருந்தது; கடவுச்சொல்லும் கேட்டது. உள்ளே சென்று பதிப்பைக் கேட்டால் 6.6.31 என்றது. உறுப்பு நிரல்கள் இருக்கும் இடத்தில் பார்த்தால் 6.6.51க்கு ஓர் அறை, 6.12க்கு ஓர் அறை, 6.6.31க்கு அறையே இல்லை. கார்டைப் படிக்கும் திறன் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் எழுந்துவிட்டது. கம்பியில்லா இணைப்புக்கும் வெப்ப உணரிக்கும் உரிய உறுப்பு நிரல்கள் தனிக் கோப்புகள். அவை கெர்னலின் பதிப்போடு பொருந்தினால்தான் சேரும். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் கோப்பு ஒன்றாகிவிடாது என்பதை அன்று உணர்ந்தேன்.

சரியான மருந்து என் கார்டிலேயே இருந்தது. 2023 அக்டோபரில் வந்த 'புக்வார்ம்' வழி அமைப்பிலிருந்து, முதற் பிரிவில் உள்ள கெர்னல் ஒரு படியே. அதன் மூலம், பதிப்பு எண்ணோடு, இரண்டாம் பிரிவின் 'பூட்' அடைவில் இருக்கிறது. பழைய பதிப்பைத் துப்புரவுக் கட்டளை கொடுத்து நாமே நீக்காதவரை அதுவும் அங்கே இருக்கும். கார்டை மீண்டும் ஆய்வகக் கணிப்பொறியில் செருகி, கோப்பு ஒழுங்கைச் சரிபார்க்கும் கட்டளையை இரு பிரிவுகளிலும் ஓட்டினேன். பின்னர் 6.6.51 கெர்னலையும், அதே பதிப்பின் தொடக்க உதவிக் கோப்பையும், பலகை விவரக் கோப்பையும் முதற் பிரிவில் உரிய பெயர்களில் இட்டேன்.

பலகை எழுந்தது. இரு உணரிகளும் வெப்பநிலையைக் காட்டின. பாதியில் நின்ற நிறுவலை முடிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, இம்முறை கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். புதிய கெர்னலும் ஒழுங்காக ஏறியது.

பிற காரணங்கள்

எல்லாப் பழுதும் என்னுடையதைப் போல் இராது. அடிக்கடி நேரும் வேறு சிலவற்றையும் சுருக்கமாகக் காண்போம்.

முதற் பிரிவு நிறைந்து போதல் ஒன்று. பழைய கார்டுகளில் இப்பிரிவு 256 மெகாபைட் மட்டுமே. புக்வார்ம் முதல் 512 மெகாபைட். இடம் போதாதபோது புதிய கோப்பு அரைகுறையாக நின்றுவிடும்.

முதற் பிரிவு இணைக்கப்படாத நிலையில் புதுப்பித்தல் நடப்பது மற்றொன்று. அப்போது புதிய உறுப்பு நிரல்கள் இரண்டாம் பிரிவில் சேரும். எழுவதோ பழைய கெர்னலாக இருக்கும்.

சிஎம்டிலைன் கோப்பைத் திருத்தும்போது வரியை இரண்டாக உடைத்துவிடுவது மூன்றாவது. அது ஒரே வரியாகவே இருத்தல் வேண்டும்.

கார்டே தேய்ந்து போவது நான்காவது. எழுதி எழுதி அழிப்பதற்கு மெமரி கார்டுக்கு ஓர் எல்லை உண்டு. எத்தனை முறை சரிசெய்தாலும் பழுது திரும்பினால் கார்டை மாற்றுவதே அறிவுடைமை.

நான்காம், ஐந்தாம் வகைப் பலகைகளில் பூட்கோட்டின் வேலையைச் செய்யும் நிரல் கார்டில் இல்லை. பலகையிலேயே உள்ள ஒரு நினைவுச் சில்லில் இருக்கிறது. அவை எழாதபோது திரையில் காரணத்தை எழுதியும் காட்டும். அச்சில்லின் நிரல் கெட்டாலும், அதற்கென உள்ள மீட்புக் கோப்பைக் கார்டில் இட்டுச் சரிசெய்யலாம்.

முன்னெச்சரிக்கை

ஆய்வு நடந்து கொண்டிருக்கும் கருவியில் புதுப்பித்தல் வேண்டாம். கெர்னலை அதன் பதிப்பிலேயே நிறுத்தி வைக்கக் கட்டளை உண்டு. புதுப்பிக்கும் முன் அளவீடுகளை வேறிடத்தில் படி எடுங்கள். முதற் பிரிவில் எவ்வளவு இடம் எஞ்சியுள்ளது என்று பாருங்கள். நன்கு இயங்கும் கெர்னலையும் அதன் துணைக் கோப்புகளையும் தனி அடைவில் சேர்த்து வையுங்கள். சோதனை நிலையிலுள்ள கெர்னலைக் கொண்டுவரும் 'ஆர்பிஐ-அப்டேட்' என்னும் கட்டளையைத் தேவையின்றித் தொடாதீர்கள். தொடங்கிய பின், திரை எவ்வளவு நேரம் அசையாமல் நின்றாலும் பச்சை விளக்கு மினுக்கும் வரை மின்கம்பியில் கை வைக்காதீர்கள்.

முடிவுரை

இவ்வளவும் முடிந்து ஊருக்குச் சென்றபோது நடந்ததை அப்பாவிடம் கூறினேன். அவர் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பிறர் தோட்டத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். முழுவதும் கேட்டுவிட்டு, "மோட்டார் ஓடலைன்னா முதல்ல பியூஸைப் பார்ப்போம், அப்புறம் ஸ்டார்ட்டரு, அப்புறம்தானே கிணத்துல இறங்கி ஃபுட்வால்வைப் பார்ப்போம்? நீ எடுத்ததும் மோட்டாரே போச்சுன்னு அழுதிருக்க" என்றார்.

நான் மூன்று நாட்களில் கற்ற முறை அவருக்கு முப்பது ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. கருவி புதிது, பழுது காணும் முறை புதிதன்று. மின்சாரம் வந்த வழியே படிப்படியாகச் செல்வது, எங்கே நின்றது என்று கண்டபின் அந்த ஒன்றை மட்டும் தொடுவது, தொடும் முன் இருப்பதைக் காப்பது. இம்மூன்றும் தெரிந்தவர்க்குக் கணிப்பொறி அஞ்சத்தக்க பொருளன்று.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு பொருள் கெட்டால், அது என்னால்தான் கெட்டது, இனி திருந்தாது என்று எண்ணி ஒதுங்கும் வழக்கம் என்னைப் போன்ற பலருக்கு உண்டு. அன்று நான் ஒதுங்கியிருந்தால் கார்டை அழித்திருப்பேன். கோடையும் அதோடு அழிந்திருக்கும். நண்பர்களே, அடுத்த முறை ஆய்வகத்தில் ஏதேனும் எழ மறுத்தால், முதலில் விளக்கை எண்ணுங்கள்.

பலகையைத் துறையில் திருப்பி ஒப்படைத்து, பதிவேட்டில் என் கையொப்பத்தின் எதிரே "நல்ல நிலையில் பெறப்பட்டது" என்று பேராசிரியர் எழுதினார். இரு கூரைகளின் கணக்கை இப்போது வரைபடமாக்கிக் கொண்டிருக்கிறேன்.